‘மற்றவை’ என்ற கட்டம்

ஆராய்ச்சிப் பிரிவு, நரம்பியல் துறை
புதுதில்லி
6 மார்ச் 2023

திருமதி வள்ளியம்மை பரமசிவம் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கணவர் திரு. பரமசிவம் அவர்களின் மறைவுக்கு எங்கள் குழுவின் ஆழ்ந்த இரங்கலைத் தெரிவித்துக்கொள்கிறோம்.

போன வாரம் நான் போன் செய்தபோது, எதுவானாலும் எழுத்தில் கேட்கும்படி சொல்லி வைத்துவிட்டீர்கள். அதனால் எழுதுகிறேன். ஒப்புதல் படிவத்தில் நீங்கள் இருவரும் தமிழில் கையெழுத்துப் போட்டதால், உங்களுக்குப் போகும் கடிதமும் தமிழில்தான் இருக்க வேண்டும் என்பது எங்கள் நெறிமுறைக் குழுவின் விதி. இந்தப் பிரிவில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். லக்ஷ்மிபாய் நகர் தமிழ்ப் பள்ளியில் எட்டாவது வரை படித்தேன். தப்பு இருந்தால் மன்னிக்கவும்.

மோட்டார் நியூரான் நோய்க்கான கே-17 என்ற புது மருந்தின் சோதனையில் திரு. பரமசிவம் பதினைந்து மாதம் இருந்தார். அவருடைய பதிவை முடித்து வைக்க இரண்டு பொருள் வேண்டும். ஒன்று, நீங்கள் தினமும் நிரப்பிய மருந்து டயரி. இரண்டு, ஜனவரி 20 அன்று நாங்கள் கொடுத்த கடைசிப் புட்டி, அதில் மீதியுள்ள கேப்சூல்களோடு. மீதியை எண்ணி டயரியோடு ஒத்துப் பார்ப்பது வழக்கம். தபாலில் அனுப்பலாம். நானே மயூர் விஹார் வந்து வாங்கிக்கொள்ளவும் முடியும்.

இப்படிக்கு,
ஸ்ம்ருதி சேஷன்
சோதனை ஒருங்கிணைப்பாளர்

மயூர் விஹார்
12 மார்ச் 2023

செல்வி ஸ்ம்ருதி சேஷன் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. அவர் போன பதின்மூன்றாம் நாள் போன் செய்து புட்டியைக் கேட்டீர்கள். பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த உறவுக்காரர்கள் கூடம் நிறைய உட்கார்ந்திருந்தார்கள். எந்தப் புட்டி என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அதனால்தான் எழுத்தில் கேட்கச் சொன்னேன். கோபம் இல்லை என்று சொல்லமாட்டேன்.

நான் மத்திய அமைச்சகம் ஒன்றில், பார்லிமென்ட் செக்‌ஷனில், முப்பத்துமூன்று வருஷம் வேலை பார்த்தவள். எம்.பி.க்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் வரைவு எழுதுவதுதான் வேலை. சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுத்துவிட்டார்கள்: கேட்டதற்குப் பதில் எழுது, கேட்காததை எழுதாதே. ஆகவே தாங்கள் கேட்ட வரிசையிலேயே பதில் தருகிறேன்.

டயரி இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. காலை, மாலை இரண்டு வேளையும், ஒரு நாள் விடாமல் நிரப்பியிருக்கிறேன். புட்டியைப் பொறுத்தவரை, தற்சமயம் அனுப்ப இயலாத நிலையில் உள்ளேன்.

இப்போது என் கேள்வி. அவருக்கு நீங்கள் கொடுத்தது மருந்தா, வெறும் கேப்சூலா?

வள்ளியம்மை

புதுதில்லி
21 மார்ச் 2023

அன்புள்ள ஆன்ட்டி,

டயரி கிடைத்தது. இவ்வளவு சுத்தமாக நிரப்பிய டயரியை நாங்கள் பார்த்ததில்லை. நன்றி. பதினாறாம் நாள் பற்றி எனக்குத் தெரியாது. மன்னிக்கவும்.

உங்கள் கேள்விக்குப் பதில் எனக்கும் தெரியாது. எங்கள் தலைமை ஆராய்ச்சியாளர் டாக்டர் பட்டாபிக்கும் தெரியாது. ஒன்பது ஊர்களில் முன்னூற்றுப் பன்னிரண்டு பேர் இதில் இருக்கிறார்கள். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு அதே நிறம், அதே எடையில் மருந்தில்லாத கேப்சூல். யாருக்கு எது என்பது பூட்டி வைத்திருக்கும் ஒரு பட்டியலில் மட்டும்தான் உண்டு. டாக்டருக்குத் தெரிந்தால் மருந்து எடுப்பவரை அவர் நல்ல நம்பிக்கையோடு பார்ப்பார், உடம்பு எப்படி இருக்கிறது என்பதற்கான மதிப்பெண்ணைத் தாராளமாகப் போடுவார். அதைத் தவிர்க்கத்தான் இந்தப் பூட்டு. அடுத்த வருஷம் நடுவில் திறப்பார்கள். அன்றைக்கே உங்களுக்கு எழுதுகிறேன். இது என் வாக்கு.

புட்டி எப்போது முடியுமோ அப்போது அனுப்புங்கள். ஜல்தி இல்லை.

ஸ்ம்ருதி

மயூர் விஹார்
2 ஏப்ரல் 2023

செல்வி ஸ்ம்ருதி அவர்களுக்கு,

ஆன்ட்டி என்று எழுதியிருக்கிறீர்கள். தில்லியில் பால் பூத்காரன் முதல் எல்லோருக்கும் நான் ஆன்ட்டிதான். உங்கள் ஒருத்தரை மட்டும் தடுத்து என்ன ஆகப் போகிறது, இருக்கட்டும்.

ஒரு விளக்கம் தேவை. பொதுவாகத்தான் கேட்கிறேன். இந்த நோயில் கை, கால் தசையோடு தொண்டைத் தசையும் போய்விடுகிறது. அப்படிப்பட்டவருக்குக் கேப்சூலைத் திறந்து, உள்ளே இருப்பதைச் சாப்பாட்டில் கலந்து கொடுத்தால் மருந்து வேலை செய்யுமா?

வள்ளியம்மை

புதுதில்லி
10 ஏப்ரல் 2023

அன்புள்ள ஆன்ட்டி,

நல்ல கேள்வி. பதில் கையேட்டின் பதினான்காம் பக்கத்திலேயே இருக்கிறது. கேப்சூலை முழுசாகத்தான் விழுங்க வேண்டும். உள்ளே இருக்கும் சின்னச் சின்ன மணிகளுக்கு மேலே ஒரு பூச்சு உண்டு. வயிற்றின் அமிலத்தைத் தாண்டிக் குடலுக்குப் போன பிறகுதான் அது கரைய வேண்டும். திறந்து சாப்பாட்டில் கலந்தால் பூச்சு கெட்டுவிடலாம், மருந்து வயிற்றிலேயே அழிந்து வீணாகிவிடும்.

நல்லவேளை, அங்கிளுக்கு அந்தப் பிரச்சனை வரவில்லை. டயரியில் எல்லா நாளும் ‘ஆம்’ என்றுதான் இருக்கிறது.

ஸ்ம்ருதி

மயூர் விஹார்
19 செப்டம்பர் 2023

செல்வி ஸ்ம்ருதி அவர்களுக்கு,

ஐந்து மாதமாக உங்கள் கடிதம் ஃபிரிட்ஜ் மேலேயே கிடக்கிறது. இன்று கேட்காத ஒன்றைச் சொல்லப் போகிறேன். எனக்கு இது பழக்கமில்லாத வேலை. முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

என் வீட்டுக்காரர் வானிலைத் துறையில் இருந்தவர் என்பது உங்கள் படிவத்தில் இருக்கும். தினமும் வெப்பமானியைப் பார்த்து எழுதும் வேலையில் ஆரம்பித்து, அதை எழுதுகிறவர்களை மேய்க்கும் வேலையில் ஓய்வு பெற்றார். ஒரு நாள் ரீடிங் விட்டுப்போனால் வருஷமே ஓட்டை என்பார். உங்கள் சோதனையில் சேர்ந்ததற்குக் காரணம்கூட, மாதா மாதம் தன்னை யாரோ அளந்து எழுதுகிறார்கள் என்பதில் அவருக்கு இருந்த சந்தோஷம்தான். குணமாகும் என்று அவர் நம்பவில்லை. நான் நம்பினேன்.

போன வருஷம் ஜூலையில் அவருக்குத் தொண்டை இறுகியது. ஒரு கேப்சூல் இறங்க இருபது நிமிஷம் ஆகும். ஒரு நாள் காலை அது பாதியில் நின்று முகம் நீலமாகிவிட்டது. பக்கத்து ஃபிளாட் மாதுரி ஓடிவந்து முதுகில் தட்டியதால் பிழைத்தார். அன்று மாலையிலிருந்து நான் கேப்சூலைத் திறந்தேன். உள்ளே கசகசா மாதிரி மணிகள். பாலில் போடலாம் என்றால் பால் அவருக்குப் புரையேறும். அதனால் குழையப் பிசைந்த தயிர்சாதத்தில், பிசைந்து முடித்த பிறகு, கடைசி வாய்க்கு மட்டும் மணிகளைத் தூவிக் கொடுத்தேன்.

“என்னத்தைப் போட்டிருக்க, கசகசாவா?” என்றார். குழறிக் குழறித்தான் பேச்சு வரும். விஷயத்தைச் சொன்னேன்.

“அந்தப் பிள்ளைட்ட சொல்லிரு. ரீடிங் தப்பாயிரும்.”

சொல்கிறேன் என்றேன். அந்தப் பிள்ளை நீங்கள்தான்.

ஆகஸ்ட் மாத விசிட்டில் வராந்தாவில் உங்களிடம் ஆரம்பித்தேன். அவருக்கு முழுங்குவதில் என்று இரண்டு வார்த்தை சொல்வதற்குள், உங்கள் கையில் ஃபைல், இன்னொரு கையில் போன். “ஆன்ட்டி, ஏக் மினிட், அடுத்த பேஷன்ட் வெய்ட் பண்றாங்க” என்று போனீர்கள். நாங்கள் பெஞ்சில் நாற்பது நிமிஷம் உட்கார்ந்திருந்துவிட்டு ஆட்டோ பிடித்து வந்தோம். அதற்குப் பிறகு நான் சொல்லவில்லை. சொன்னால் சோதனையிலிருந்து அவரை எடுத்துவிடுவீர்கள் என்ற பயமும் இருந்தது. டயரியில் கேட்டிருப்பது ஒன்றுதான்: இன்று மருந்து எடுத்தாரா, ஆம், இல்லை. எடுத்தார். ஆம் என்று டிக் செய்தேன். பார்லிமென்டில் வைத்தால்கூட யாரும் குற்றம் சொல்ல முடியாத பதில் அது.

இப்போது உங்கள் பதினான்காம் பக்கம் என்னைத் தூங்கவிடவில்லை. அவருக்கு வந்தது வெறும் கேப்சூல் என்றால் நான் தப்பித்தேன். மருந்து என்றால், ஏழு மாதம் அதைத் தயிரில் போட்டு நானே கெடுத்திருக்கிறேன். அது மருந்தாக இருக்கக் கூடாது என்று தினமும் சாமியிடம் கேட்கிறேன். புருஷனுக்கு நல்ல மருந்து கிடைத்திருக்கக் கூடாது என்று வேண்டிக்கொள்ளும் பெண்டாட்டி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

வள்ளியம்மை

புதுதில்லி
30 செப்டம்பர் 2023

அன்புள்ள ஆன்ட்டி,

கடிதத்தை அம்மாவிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லலாமா என்று நினைத்தேன். பிறகு நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன். இது எனக்கு வந்த கடிதம்.

வராந்தா எனக்கு ஞாபகம் இருக்கிறது. ‘ஏக் மினிட்’ சொன்னதும் ஞாபகம் இருக்கிறது. அடுத்த நோயாளியை முடித்து வந்தபோது பெஞ்ச் காலியாக இருந்தது. சரி, முக்கியமாக இருந்தால் போன் செய்வார்கள் என்று விட்டுவிட்டேன். அன்று விழுங்கும் திறனுக்கு அங்கிளுக்கு நான்தான் மதிப்பெண் குறைத்துப் போட்டேன். தண்ணீரே இறங்காதவருக்குக் கேப்சூல் எப்படி இறங்குகிறது என்று கேட்கத் தோன்றவில்லை. படிவத்தில் அந்தக் கேள்வி இல்லை. நீங்கள் கேட்காததைச் சொல்லவில்லை, நான் படிவத்தில் இல்லாததைக் கேட்கவில்லை.

உங்கள் கடிதத்தை நான் மறைக்க முடியாது. டாக்டர் பட்டாபியிடம் மொழிபெயர்த்துக் கொடுத்தேன். அவர் அதை முழுசாகப் படித்தார். பிறகு, ஒன்பது ஊரிலும் குடும்பங்களிடம் இதை யாராவது கேட்டிருக்கிறார்களா என்று கேட்டார். ஒருவரும் கேட்கவில்லை. அங்கிளின் பதிவு இப்போது ‘விதி விலகல்’ என்று குறிக்கப்பட்டு நெறிமுறைக் குழுவுக்குப் போகிறது. எனக்கு எழுத்தில் ஓர் எச்சரிக்கை கொடுத்திருக்கிறார்கள். அது நியாயம்தான்.

திறந்து கொடுத்தது மருந்தைக் கெடுத்ததா என்பதற்கு ஏப்ரலில் நான் எழுதிய பதில் கையேட்டில் இருப்பது. கையேட்டை எழுதியவர்கள் சோதித்துப் பார்த்தார்களா என்று இப்போது விசாரித்தேன். பார்க்கவில்லையாம். ‘வீணாகிவிடலாம்’ என்று அதில் இருந்ததை நான் ‘வீணாகிவிடும்’ என்று முடித்துவிட்டேன்.

ஸ்ம்ருதி

மயூர் விஹார்
11 அக்டோபர் 2023

ஸ்ம்ருதிக்கு,

இனி நீ என்றே எழுதுகிறேன். வயது வித்தியாசம் இருக்கிறது, எச்சரிக்கையும் என்னால் வாங்கியிருக்கிறாய்.

விதி விலகல் என்ற சொல் எனக்குப் பிடிக்கவில்லை. விலகியது நான். அவர் விலகவில்லை. மூச்சை அளக்கும் கருவியில் ஊதச் சொன்னபோதெல்லாம் ஊதினார். பென்சில் பிடிக்க முடியாத விரலால் பிடிக்கச் சொன்னதைப் பிடித்தார். குழு கூடி அவர் பதிவையே நீக்கிவிட்டால், அந்தப் பதினைந்து மாதமும் யாருக்கும் உதவாமல் போகும். மருந்து கெட்டதைக்கூட ஒருவேளை தாங்கிக்கொள்வேன். ரீடிங் விட்டுப்போனால் அவர் என்னை மன்னிக்கமாட்டார்.

அவர் பெயர் கணக்கில் இருக்குமா, இருக்காதா என்பதைக் குழுவிடம் எழுத்தில் கேட்டு அனுப்பு. தயிர் வீட்டில் உறை ஊற்றியது, டிசம்பர், ஜனவரியில் ஹாட்பேக்கில் வைத்துச் சால்வை சுற்றி எடுப்பேன், நல்ல புளிப்பு. கேட்கவில்லைதான். இருந்தாலும் எழுதுகிறேன், பழகிக்கொள்ள வேண்டுமல்லவா.

வள்ளியம்மை

புதுதில்லி
8 ஜூலை 2024

அன்புள்ள ஆன்ட்டி,

இன்று காலை பதினொரு மணிக்குப் பட்டியலைத் திறந்தார்கள். வாக்குக் கொடுத்தபடி இன்றே எழுதுகிறேன். சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்.

அங்கிளுக்குக் கொடுத்தது மருந்துதான்.

தயவு செய்து இங்கே நிறுத்தாமல் மேலே படியுங்கள். ஒவ்வொரு இரண்டாவது விசிட்டிலும் அவரிடம் எடுத்த ரத்தத்தில் கொஞ்சம், மைனஸ் எண்பது டிகிரியில் உறைய வைத்திருந்தோம். நீங்கள் கேப்சூலைத் திறக்க ஆரம்பிப்பதற்கு முன்பு எடுத்தது நான்கு குப்பி. அதற்குப் பின்பு எடுத்தது மூன்று குப்பி, கடைசியாக ஜனவரி 20. பட்டியல் திறந்ததும் டாக்டர் பட்டாபி முதலில் கேட்டது, ஆய்வகம் முன்பே அளந்து பூட்டி வைத்திருந்த அந்த ஏழு குப்பிகளின் முடிவைத்தான். முன்பு இருந்த அதே அளவு மருந்து பின்பும் இருக்கிறது. கடைசிக் குப்பியில் ஒரு இழை அதிகமாகவே இருக்கிறது.

காரணத்தை ஆய்வகத்தில் சொன்னார்கள். அந்தப் பூச்சு அமிலத்தில் கரையாது, அமிலம் இல்லாத இடத்தில்தான் கரையும். தயிரின் புளிப்பு மணிகளைக் காப்பாற்றியிருக்கிறது. நீங்கள் மணிகளைப் பிசையாமல் மேலே தூவியதும், அங்கிள் மெல்ல முடியாமல் அப்படியே விழுங்கியதும் நல்லதாகப் போயிற்று. மருந்து அவருக்குப் போய்ச் சேர்ந்தது, ஆன்ட்டி.

இன்னொன்று. உங்கள் கடிதத்துக்குப் பிறகு ஒன்பது ஊரிலும் குடும்பங்களிடம் விசாரித்தோம். நாற்பத்தொரு குடும்பம் கேப்சூலைத் திறந்திருக்கிறது. மாம்பழக் கூழில், கிச்சடியில், தயிரில். பதினொரு வீட்டில் பாலில். எல்லார் டயரியிலும் ‘ஆம்’. பாலில் கொடுத்தவர்களில் ஆறு பேருக்கு மருந்து வந்திருந்தது. பாலில் புளிப்பு இல்லாததால் பூச்சு அதிலேயே கரைந்துவிட்டது, அவர்கள் ரத்தத்தில் மருந்து அநேகமாக இல்லை.

குழுவின் பதிலும் இத்துடன். சோதனையில் சேர்ந்தவர் எப்படி எடுத்தாலும், எடுக்காவிட்டாலும் கடைசிவரை கணக்கில் இருக்க வேண்டும் என்பதுதான் விதியாம். அங்கிள் இருக்கிறார்.

முடிவையும் சொல்லிவிடுகிறேன். கே-17 நோயை நிறுத்தவில்லை. நோய் நகரும் வேகத்தைக் கால்வாசி குறைக்கிறது. சராசரியாக ஐந்து மாதம் கூடுதலாகக் கிடைக்கிறது. பெரிய வெற்றி என்று இங்கே லட்டு கொடுத்தார்கள். என்னால் சாப்பிட முடியவில்லை, கைப்பையில் வைத்திருக்கிறேன்.

ஸ்ம்ருதி

மயூர் விஹார்
2 ஆகஸ்ட் 2024

ஸ்ம்ருதிக்கு,

மருந்துதான் என்ற வரியில் நான் நிறுத்திவிட்டேன். ஒரு நாள் முழுக்க மேலே படிக்கவில்லை. மறுநாள் மாதுரி வந்து, அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, நான் உட்கார்ந்திருந்த தோரணையைப் பார்த்துவிட்டு, இன்னும் ஒரு பக்கம் இருக்கிறதே என்று திருப்பிக் கையில் கொடுத்தாள். படித்தேன். அழுதேன். அவர் போனபோதுகூட இப்படி அழவில்லை.

ஐந்து மாதம் என்று எழுதியிருக்கிறாய். அந்த ஐந்து மாதம் எது என்று யோசித்துப் பார்த்தேன். கடைசி ஐந்து மாதம் என்றே வைத்துக்கொள்கிறேன், செப்டம்பர் பாதியிலிருந்து. அப்போது அவருக்குப் பேச்சு போய்விட்டது. காலையில் பேப்பரில் வானிலைக் கட்டத்தைக் காட்டுவேன். குறைந்தபட்ச வெப்பநிலையைப் பார்த்து, எந்த மடையன் எடுத்த ரீடிங் இது என்பது போல மூக்கால் ஒரு சத்தம் விடுவார். தினமும் அது நடந்தது. நூற்றைம்பது தடவை இருக்கும். சராசரி என்று நீங்கள் சொல்வது அவருக்கு அப்படிக் கிடைத்தது.

லட்டைச் சாப்பிட்டுவிடு. தப்பு ஒன்றுமில்லை.

அந்த ஆறு வீட்டுக்காரர்களுக்கு இதைத் தபாலில் எழுதிவிடாதே. நேரில் போய்ச் சொல். கூடத்தில் ஆள் இருந்தால் திரும்பி வந்துவிடு.

வள்ளியம்மை

புதுதில்லி
24 நவம்பர் 2025

அன்புள்ள ஆன்ட்டி,

நீண்ட நாள் ஆகிவிட்டது. ஆறு வீட்டுக்கும் அந்தந்த ஊர்க்காரர்கள் நேரில் போனார்கள். தில்லியில் இருந்த இரண்டு வீட்டுக்கு நான் போனேன். ஒரு வீட்டில் டீ கொடுத்தார்கள். இன்னொரு வீட்டில் கதவைச் சாத்தினார்கள்.

கே-17 விற்பனைக்கு அனுமதி கிடைத்துவிட்டது. நல்ல உடம்பு உள்ள இருபத்து நான்கு பேருக்குக் கேப்சூலைத் திறந்து தயிரிலும், பழக்கூழிலும், பாலிலும் கொடுத்துத் தனியாக ஒரு சோதனை செய்தார்கள். உங்கள் வீட்டில் நடந்தது அப்படியே அங்கேயும் நடந்தது. மருந்தோடு வரும் தாளின் தமிழ் வரைவை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பத்தியைக் கீழே எழுதுகிறேன், திருத்திக் கொடுங்கள்:

‘விழுங்குதலில் சிரமம் உள்ளவர்களின் நேர்வில், கேப்சூலானது திறக்கப்பட்டு, அதன் உள்ளடக்கம் அமிலத்தன்மை வாய்ந்த மென்மையான உணவுடன் சேர்க்கப்பட்டு வழங்கப்படலாம்.’

இன்னொரு வேலையும் இருக்கிறது. கே-17க்கு அடுத்த மருந்தின் சோதனை ஜனவரியில் ஆரம்பிக்கிறது. அதற்குப் புது டயரி. ‘மருந்து எடுத்தாரா’ என்பதற்குக் கீழே ‘எப்படிக் கொடுத்தீர்கள்’ என்று ஒரு கட்டம் சேர்த்திருக்கிறோம். அதற்கும் கீழே, ‘எடுக்காவிட்டால் காரணம்: மறதி, பக்கவிளைவு, மருந்து தீர்ந்தது, மற்றவை’. ஒரு நாளுக்கு உங்கள் கையால் நிரப்பிப் பார்த்து, புரிகிறதா என்று சொல்லுங்கள். எந்த நாளாக வேண்டுமானாலும் இருக்கலாம்.

புட்டி பற்றி நான் கேட்கவில்லை. பதிவை அது இல்லாமலே முடித்துவிட்டோம்.

ஸ்ம்ருதி

மயூர் விஹார்
9 டிசம்பர் 2025

ஸ்ம்ருதிக்கு,

உன் வரைவைப் பார்த்தால் எங்கள் அமைச்சகத்தில் எழுதியது போல இருக்கிறது. இப்படிப் போடு:

‘விழுங்க முடியாவிட்டால் கேப்சூலைத் திறக்கலாம். உள்ளே இருக்கும் மணிகளைப் புளித்த தயிர் கலந்த குழைந்த சாதத்தில், அல்லது பழக்கூழில், கடைசி வாய்க்கு மட்டும் தூவிக் கொடுக்கவும். மணிகளைப் பிசைய வேண்டாம், மெல்ல வேண்டாம். பாலில் போடக் கூடாது.’

புது டயரியை நிரப்ப உட்கார்ந்தேன். எந்த நாளாக வேண்டுமானாலும் என்று சொன்னாய். 2023 பிப்ரவரி 10 என்று போட்டேன். அதற்கு மேல் பேனா ஓடவில்லை. அதனால் கடிதமாகவே எழுதுகிறேன்.

இந்தப் பார்சலில் புட்டி இருக்கிறது. மூன்று வருஷமாகப் பீரோவில் இருந்தது. என் டயரிப்படி இதில் பத்துக் கேப்சூல் இருக்க வேண்டும். எண்ணிப் பார், பதினெட்டு இருக்கும். அதனால்தான் அனுப்பவில்லை.

பிப்ரவரி 10 காலை, தயிர்சாதத்தின் கடைசி வாயைக் கொண்டுபோனேன். வாயை மூடிக்கொண்டார். இன்னொரு தடவை கொண்டுபோனேன். தலையைத் திருப்பிக்கொண்டார். பேச்சு போன பிறகு எழுதிக் காட்ட வைத்திருந்த சிலேட்டைக் கண்ணால் காட்டினார். விரலில் சாக்பீஸைக் கட்டிவிட்டேன். ‘போதும்’ என்று எழுதினார். மூன்று எழுத்து வர வெகு நேரம் ஆயிற்று.

போதும் என்றது தயிரையா, மருந்தையா, எல்லாவற்றையுமா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் எழுதியிருப்பார். எந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது என்பதும் எனக்குத் தெரியும், முப்பத்துமூன்று வருஷம் அந்த வேலைதான் பார்த்தேன். மாலையிலும் அப்படியே. சாதம் மட்டும் இரண்டு வாய் வாங்கிக்கொண்டார், மணி தூவாத வாய். பத்து, பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று, நான்கு நாள், எட்டு வேளை. பதினாலாம் தேதி விடிவதற்குள் போய்விட்டார்.

அந்த எட்டு வேளைக்கும் நான் ஆம் என்று டிக் செய்தேன். இல்லை என்று போட்டால், கடைசியில் மருந்தை நிறுத்தியவள் நான் என்று ஆகிவிடும் என்று பயந்தேன். முன்னால் போட்ட ஆம் எல்லாம் பாதி உண்மை. இந்த எட்டும் பொய். நீ குப்பி, குப்பியாக எடுத்து என்னைத் தப்பிக்க வைத்தபோதும் இது எனக்குள் இருந்தது. ஜனவரி 20-க்குப் பிறகு உன்னிடம் குப்பி இல்லை.

பதிவு முடிந்துவிட்டது என்று எழுதியிருக்கிறாய். இருந்தாலும் ரீடிங்கைத் திருத்து. அவர் இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பார். எனக்கு ஆறுதலாக ஒன்றும் எழுத வேண்டாம். புட்டி வந்து சேர்ந்ததற்கு ஒரு ரசீது மட்டும் அனுப்பு.

வள்ளியம்மை

ஆராய்ச்சிப் பிரிவு, நரம்பியல் துறை
புதுதில்லி
16 டிசம்பர் 2025

பெற்றுக்கொண்ட சீட்டு, பதிவில் திருத்தத்துடன்

பங்கேற்பாளர்: திரு. பரமசிவம்
பெற்றுக்கொண்டது: கே-17 புட்டி, ஒன்று
எண்ணிக்கை: பதினெட்டு
டயரிப்படி இருக்க வேண்டியது: பத்து
எடுக்காத வேளைகள்: எட்டு, 10 பிப்ரவரி 2023 முதல் 13 பிப்ரவரி 2023 வரை
காரணம்: மற்றவை
விவரம்: போதும் என்று நோயாளி எழுதிக் காட்டினார். மனைவி அதற்கு இணங்கினார்.

எண்ணிச் சரிபார்த்தவர்,
ஸ்ம்ருதி சேஷன்